காக்கைச் சிறகு வைத்த ஹோப்பி மரப்பொம்மை: யார் இது, என்ன பொருள், பினாங்கு ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

ஜெலுத்தோங் வாணி

வணக்கம். தீவில் ஒரு பழஞ்சாமான் கடையில் 350 ரிங்கிட்டுக்கு வாங்கிய மரப்பொம்மை ஒன்றைப் பற்றி விவரம் வேண்டும். அமெரிக்கச் செவ்விந்தியர், அதிலும் ஹோப்பி இனத்தாருடையது என்றும், நூறு வருடப் பழசு என்றும் கடைக்காரர் சொல்கிறார். இரண்டாவது விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உயரம் 29 செ.மீ. அடிப்பலகையோடு எடை 240 கிராம். தலை பீப்பாய் மாதிரி உருண்டை, நீலமும் பச்சையும் கலந்த நிறம். முகத்தில் கறுப்பில் தலைகீழ் முக்கோணம். காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் விரிந்த கறுப்புச் சிறகு. மரத்தில் செதுக்கி, இறகின் நரம்புகளைச் சூடு போட்டுக் கோடாக இழுத்திருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றிப் பச்சைத் தழை. உடம்பில் வெள்ளைப் போர்வை, அதன் கரையில் சிவப்பும் கறுப்பும். கையில் ஒரு தட்டு, தட்டு நிறையப் பச்சை முளைகள். அடிப்பலகையின் கீழே மையில் "குரோ மதர்", பக்கத்தில் ஒரு கையெழுத்து, "ஹோப்பி" என்ற சொல்.

கேள்விகள்: இது யார்? நிறங்களுக்கும் சிறகுக்கும் பொருள் என்ன? வீட்டில் பெரியவர்கள் காக்கை என்றதுமே சனீஸ்வரன் என்கிறார்கள், சாமி அறையில் வைக்கவும் யோசனை, வெளியே வைக்கவும் யோசனை. நவராத்திரிக் கொலுவில் வைக்கலாமா? வலது சிறகு கொஞ்சம் ஆடுகிறது, முதுகில் வெள்ளையாகப் பூஞ்சை மாதிரி இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

மேசா வாசகன்

நல்ல விவரிப்பு, படமே தேவைப்படவில்லை. அடியில் எழுதியிருப்பது சரிதான். ஹோப்பி மொழியில் இவர் பெயர் ஆங்வுஸ்னாசோம்தாகா, ஆங்கிலத்தில் காக்கைத் தாய். ஆனால் இதே குடும்பத்தில் இன்னொருவரும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இது என்ன வகைப் பொருள் என்று பார்த்துவிடுவோம். அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கில் மூன்று மேட்டு நிலங்களின் மேலும் அடியிலுமாக ஹோப்பி ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஆண்டு மழை 250 மில்லிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். பினாங்கில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். அவர்கள் ஆற்றுப் பாசனம் இல்லாமல் சோளம் விதைக்கிறவர்கள். அதனால் எந்தச் சின்னத்தைத் தொட்டாலும் அது மேகம், மழை, முளை என்றுதான் போய் முடியும். கட்சினா என்பவர்கள் மழையையும் விளைச்சலையும் கொண்டுவரும் ஆவிகள். மேகம், காக்கை, கழுகு, ஆந்தை, சோளம், முன்னோர் என்று 200க்கும் மேற்பட்ட வடிவங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு வடக்கே உள்ள சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் அவர்களுடைய வீடு. குளிர்காலச் சூரியத் திருப்பத்தை ஒட்டி ஊருக்கு வரத் தொடங்குவார்கள், ஜூலையில் நிமான் என்ற வழியனுப்புச் சடங்கோடு மலைக்குத் திரும்புவார்கள். அந்த ஏழு மாதத்தில் முகமூடியணிந்து ஆடுபவரின் மூலம் அந்த ஆவியே வந்து நிற்கிறது என்பது நம்பிக்கை.

உங்கள் கையில் இருப்பது அந்த ஆவியும் அல்ல, ஆவி குடியேறிய விக்கிரகமும் அல்ல. இதன் பெயர் திஹு. சடங்கு நாளில் கட்சினாக்கள் பெண் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பரிசு. ஆண் பிள்ளைக்கு வில்லும் அம்பும், பெண் பிள்ளைக்குத் திஹு. கைக்குழந்தைக்குக் கொடுப்பது தட்டையான பலகை வடிவம். வயது ஏற ஏற முழு உருவம். வீட்டில் சுவரிலோ உத்திரத்திலோ கயிற்றில் தொங்கவிடுவார்கள். குழந்தை அதைத் தினம் பார்த்து, யார் எந்த முகம், யார் கையில் என்ன என்று கற்றுக்கொள்ளும். குழந்தை நன்றாக வளர வேண்டும் என்ற வாழ்த்தும் அதில் அடக்கம். யாரும் அதற்குப் பூசை செய்வதில்லை, படையல் வைப்பதில்லை.

இனி உருவத்தைப் படிக்கும் முறை. முகத்திலிருந்து தொடங்குங்கள், உடைக்கு வாருங்கள், கடைசியில் கையைப் பாருங்கள். நிறத்திலிருந்து தொடங்குகிறவர்கள்தான் வழி தவறுகிறார்கள்.

முகத்தில் இவரை அடையாளம் காட்டுவது இரண்டு: பக்கச் சிறகுகள், தலைகீழ் முக்கோணம். இரண்டும் சேர்ந்து வந்தால் இவர், இல்லையென்றால் கடைசியில் சொல்லப்போகும் அந்த இன்னொருவர். கழுத்துத் தழை ஊசியிலை மரத்துடையது. வறட்சியிலும் பச்சை மாறாத மரம் என்பதால் நீரையும் உயிரையும் குறிக்கிறது. போர்வை பெண்களுடைய சடங்குப் போர்வை. இடுப்பில் நீண்ட குஞ்சம் தொங்கும் வெள்ளைக் கச்சை இருந்தால் அந்தக் குஞ்சங்கள் தரையைத் தொடும் மழைத்தாரை.

கையில் உள்ள தட்டுதான் இந்தப் பொம்மையின் உயிர். பிப்ரவரி வாக்கில் போவமுயா என்ற சடங்கு நடக்கும். கிவா எனப்படும் நிலத்தடிச் சடங்கு அறைகளில் நெருப்பு மூட்டி வெப்பம் காத்து, ஈர மணலில் அவரை விதைகளை ஊன்றுவார்கள். வெளியே உறைபனி, உள்ளே ஒரு சாண் முளை. நம் மாரியம்மன் திருவிழா முளைப்பாரியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்: இருட்டறை, ரகசிய வளர்ப்பு, முளை செழித்தால் அந்த வருட விளைச்சல் செழிக்கும் என்ற கணிப்பு. மீதிப் பாதி வேறு. நாம் ஆற்றில் கரைப்போம். அவர்கள் வீடு வீடாகக் கொடுத்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள்.

அதே போவமுயா காலத்தில், சில ஆண்டுகளில், பிள்ளைகளைக் கட்சினா மரபில் சேர்க்கும் தீட்சையும் நடக்கும். அப்போது காக்கைத் தாயின் கையில் தட்டு இருக்காது, யூக்கா என்ற கற்றாழை போன்ற செடியின் இலைகள் கட்டாக இருக்கும். பிள்ளைகளை அடிப்பவர் அவர் அல்ல, அவருடைய பிள்ளைகளான ஹூ கட்சினாக்கள். இலை தேய்ந்ததும் புதியதை எடுத்துக் கொடுப்பது தாயின் வேலை. ஆகவே தட்டு வைத்த பொம்மை விளைச்சலைக் காட்டுகிறது, இலை வைத்தது தீட்சையைக் காட்டுகிறது. ஆள் ஒருவரேதான்.

இப்போது அந்த இன்னொருவர். ஆங்வுஷஹாயி, காக்கை மணப்பெண் என்பார்கள். சிறகும் முக்கோணமும் அதேபோல்தான். ஆனால் உடல் முழுக்க வெள்ளை மணப்போர்வை, கையில் முளைத்தட்டு, மெதுவாகப் பாடிக்கொண்டே ஊருக்குள் வருவார். செதுக்குகிறவர்கள் தட்டை இருவருக்குமே கொடுப்பதால் தட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. போர்வையின் கீழே தெரியும் உடை கறுப்பா வெள்ளையா என்று பாருங்கள்.

பட்டர்வொர்த் ரவி

நிறத்துக்கு இணையத்தில் பட்டியலே இருக்கிறதே. நீலம் என்றால் அமைதி, சிவப்பு என்றால் வீரம், கறுப்பு என்றால் மரணம். அதை வைத்துப் பார்த்தால் போதாதா?

மேசா வாசகன்

போதாது, ரவி. அந்தப் பட்டியல் பரிசுப்பொருள் கடைக்கு எழுதினது. ஹோப்பி நிறங்கள் திசையைச் சொல்பவை. அந்தத் திசையும் நம் நான்கு திசை அல்ல. கோடையிலும் குளிர்காலத்திலும் சூரியன் கடைக்கோடியில் எங்கே உதித்து எங்கே மறைகிறதோ அந்த நான்கு புள்ளிகள். மஞ்சள் வடமேற்கு, நீலப்பச்சை தென்மேற்கு, சிவப்பு தென்கிழக்கு, வெள்ளை வடகிழக்கு. கறுப்பு மேலே உள்ள வானம். காலடியில் உள்ள நிலத்துக்குப் பல நிறம் கலந்தது. ஒரே கட்சினா நான்கைந்து நிறத்தில் வருவதும் உண்டு, ஒவ்வொரு திசையிலிருந்து ஒருவராக. கறுப்பு மரணம் என்பது முழுக்க இறக்குமதிச் சரக்கு. நிமான் நாளில் ஆடும் ஹெமிஸ் கட்சினாவின் உடலே கறுப்புதான். அவர் கொண்டுவருவது அந்த ஆண்டின் முதல் சோளக் கதிர்.

முகத்தில் உள்ள குறிகள் நிறத்தைவிட நம்பகமானவை. படிக்கட்டு வடிவம் மேகம். வளைந்து நெளியும் கோடு மின்னல். கண்ணுக்குக் கீழே இரண்டு இணைக்கோடு போர்வீரன். ஒன்றோடொன்று கொக்கி மாட்டிய குறி நட்பு. இதற்கும் விதிவிலக்கு உண்டு. மேட்டுக்கு மேடு, ஊருக்கு ஊர் வழக்கு மாறும். "கட்சினாக்களின் தாய்" யார் என்பதிலேயே இரண்டு பதில் கிடைக்கும். சிலருக்குக் காக்கைத் தாய். சிலருக்கு ஹஹாயிவுத்தி, வெள்ளை முகமும் கன்னத்தில் சிவப்பு வட்டமும் கொண்டவர், கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கும் தட்டைப் பொம்மை பெரும்பாலும் அவருடையது. இரண்டில் ஒன்றைத் தப்பு என்று சொல்ல வெளியாள் எவருக்கும் இடமில்லை.

வாணி, சனீஸ்வரன் கவலைக்கு: அங்கே காக்கை அபசகுனம் அல்ல. நமக்கு அமாவாசைக்குச் சோறு வாங்க வரும் முன்னோர். மலேசியாவில் சில நகராண்மைக் கழகங்களுக்குச் சுட்டுத் தீர்க்க வேண்டிய தொல்லை. பறவை ஒன்றாக இருக்கலாம், அகராதி வேறு.

கிள்ளான் உளி

வயசு, மரம், கைவேலை பற்றி நான் சொல்கிறேன்.

நூறு வருஷம் இல்லை. மூன்று தடயம். அடிப்பலகை இருக்கிறது: பழைய திஹுவுக்குப் பலகையே கிடையாது, அது தொங்குவதற்காகச் செய்தது, கால் இரண்டும் குட்டையாக, நிற்கவே நிற்காது. மேசையில் நிறுத்த வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்ட பிறகு வந்தது பலகை. கையெழுத்து இருக்கிறது: குழந்தைக்குக் கொடுக்கும் பரிசில் யார் பெயர் எழுதுவார்கள்? ஜிம்மி கெவான்வைடேவா போன்ற ஒரு சிலர் போன நூற்றாண்டின் நடுவில் கையெழுத்திடத் தொடங்கியபோது ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. பொதுவழக்கமானது அதற்கும் பிறகு. மூன்றாவது, சூடு போட்டு இழுத்த இறகுக்கோடு. அது மின்சாரச் சூட்டுக்கோல் வேலை. 1970களுக்குப் பிந்தையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மதிப்புக் குறைவு என்று அர்த்தமில்லை, நல்ல செதுக்கர்கள் பலர் இந்தக் காலத்தவர்தான்.

மரம் காட்டன்வுட் வேர். தண்டு அல்ல, வேர். ஓடை வற்றும்போது கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும். தண்ணீர் தேடி ஆழமாகப் போகும் வேர் என்பதால் மழை வேண்டும் பொருளுக்கு அதுவே பொருத்தம் என்பது அவர்கள் எண்ணம். செதுக்குகிறவனுக்கு வேறு காரணமும் உண்டு: நார் ஓட்டம் பெரிதாக இழுக்காது, எந்தப் பக்கமும் கத்தி ஓடும், காய்ந்தால் மிக இலேசு. 29 செ.மீ. உருவம் பலகையோடு 240 கிராம் என்பது சரியாகப் பொருந்துகிறது. கேரித் தீவில் மா மேரி என்ற பழங்குடி மக்கள் மோயாங் எனும் முன்னோர் ஆவி உருவங்கள் செதுக்கும் நீரே பத்து மரத்தில் இதே அளவு செய்தால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும்.

செய்முறை சுருக்கமாக: வேரை நீளத்துக்கு அறுத்து, உளியால் தலை, உடல், கால் என்று பங்கு பிரிப்பது. பிறகு அரம், கத்தி, பழைய நாளில் மணற்கல், இப்போது உப்புத்தாள். சிறகு, கொம்பு, மூக்கு, தட்டு எல்லாம் தனித்துண்டாகச் செய்து மரமுளை அடித்துச் சேர்ப்பது. வெள்ளைக் களிமண் பூச்சு. அதன்மேல் நிறம்: பழையதில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இரும்புக் காவிக்கல், நீலப்பச்சைக்குச் செம்புக் கனிமம், கறுப்புக்குப் புகைக்கரி. பிசின் குறைவாகக் கலப்பதால் விரலில் ஒட்டும், அதுதான் கல்நிறத்தின் அடையாளம். அப்புறம் போஸ்டர் நிறம் வந்தது, பிறகு அக்ரிலிக். உங்களுடையது தேய்த்தால் கையில் வராது என்று நினைக்கிறேன்.

போலி பார்க்கும் விதம்: தோல், முயல் ரோமம், பெரிய பெரிய சாய இறகு எல்லாம் ஒட்டி, முகத்தில் எந்தக் குறிப்பிட்ட கட்சினாவும் இல்லாமல் "பொதுவாக ஒரு செவ்விந்திய ஆட்டக்காரர்" என்று இருந்தால் அது வியாபாரச் சரக்கு. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் செவ்விந்தியக் கலை கைவினைச் சட்டப்படி, பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்றால் முதல் குற்றத்துக்கே தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. பக்கத்துப் பழங்குடியான நவஹோ மக்கள் செய்து "நவஹோ" என்று எழுதி விற்பது சட்டப்படி சரி, ஆனால் அது ஹோப்பித் திஹு அல்ல.

மா மேரியைச் சொன்னதால் ஒன்று. கோலாலம்பூர் பக்கம் இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து "ஆவிப் பொம்மைகள்" என்று சீட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையே வேறு. மா மேரியின் பழைய வைத்தியத்தில் நோயாளியைப் பிடித்த ஆவியை மர உருவத்துக்குள் ஏற்றித் தூரப் போட்டுவிடுவது உண்டு. உருவம் நோயை வாங்கிக்கொள்கிறது. திஹு எதையும் வாங்குவதில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருகிறது. கொம்பாக்கில் உள்ள ஓராங் அஸ்லி அருங்காட்சியகத்துக்குப் போனால் மா மேரி உருவங்களையும் முகமூடிகளையும் நேரில் பார்க்கலாம், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஜெலுத்தோங் வாணி

போர்வைக்குக் கீழே பார்த்தேன். உடை கறுப்பு, கரையில் நீலக்கோடு. காலணி வெள்ளை. முதுகுப்பூஞ்சை அரை வெள்ளி நாணயம் அகலம். இன்னொன்று: அதே கடையில் கூன் விழுந்து குழல் ஊதும் உருவம் ஒன்றும், "நிஜ ஹோப்பி முகமூடி" என்று தோலில் செய்த ஒன்றும் இருக்கின்றன. வாங்கலாமா?

தஞ்சோங் தொக்கோங் பேணுநர்

பூஞ்சைக்கு முதல் வேலை: எதையும் தடவாதீர்கள். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், எலுமிச்சை, ஈரத்துணி எதுவும் வேண்டாம். ஸ்பிரிட்டும் ஆகாது, அக்ரிலிக் நிறத்தை இளக்கிவிடும். வெயிலில் வைக்கவும் கூடாது. மேல்தோல் சுருங்கும், உள்மரம் சுருங்காது, இடையில் இருக்கும் களிமண் பூச்சு வெடித்துச் செதிலாக உதிரும்.

பொம்மையை ஒரு பாலித்தீன் பைக்குள் தனியாக்குங்கள், வித்து மற்றச் சாமானுக்குப் பரவாது. பிறகு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ள அறையில் பையைத் திறந்து நாலைந்து நாள் உலர விடுங்கள். பூஞ்சை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மரத்துக்குள் அப்பிக்கொள்ளும், உலர்ந்ததும் தூளாக வரும். என்95 முகக்கவசம் போட்டு, அரை அங்குல மென்தூரிகையால், ஹெப்பா வடிகட்டி உள்ள தூசு உறிஞ்சியின் வாயை நோக்கித் தள்ளுங்கள். உறிஞ்சியின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டுங்கள், நிறச்செதில் பறந்தால் அதில் மாட்டும். அதற்கு முன் பலகைக்கு அருகே மறைவான ஓர் இடத்தில் உலர்ந்த பஞ்சுக்குச்சியை உருட்டிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

நிரந்தரத் தீர்வு பெட்டிதான். பினாங்கில் வெளிக்காற்று பெரும்பாலும் 75 முதல் 85 விழுக்காடு. பூஞ்சைக்கு 65, 70 போதும். குளிர்சாதன அறை நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இரவு மட்டும் ஓடுகிற அறை திறந்த கூடத்தைவிட மோசம். இரவில் 55, பகலில் 80 என்று தினமும் மரம் சுருங்கி விரியும். சிறகு ஆடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், மரமுளையும் துளையும் வேறு வேறு அளவில் அசையும்.

30க்கு 30க்கு 50 செ.மீ. அளவில் இறுக மூடும் கண்ணாடி அல்லது அக்ரிலிக் பெட்டி போதும். கொள்ளளவு 45 லிட்டர். அருங்காட்சியகக் கணக்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல், ஆகவே உங்களுக்கு 900 கிராம். ஆனால் பாக்கெட்டிலிருந்து அப்படியே கொட்டினால் ஈரத்தை 30க்கும் கீழே இழுத்துவிடும், மரம் பிளக்கும். முன்கூட்டியே 50 விழுக்காட்டுக்குப் பதப்படுத்திய ஜெல் வேண்டும். கிடைக்காவிட்டால் கிட்டார் விற்கும் கடையில் 49 விழுக்காட்டு இருவழி ஈரப்பை வாங்குங்கள். அது ஈரத்தை எடுக்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். மூன்று நான்கு பைகளோடு தொடங்கி மீட்டரைப் பார்த்துக் கூட்டலாம். புகைப்படக் கருவிக்கான உலர்பெட்டி இருந்தால் அதுவும் சரி. முள்ளை 70இல் வைத்து வாரத்துக்கு 5 வீதம் இறக்கி 50, 55இல் நிறுத்துங்கள். ஒரே நாளில் 45க்கு இறக்கினவர்களின் பொம்மையில்தான் மார்பு வரை வெடிப்பு வரும்.

மலிவான ஈரமானி பத்துப் புள்ளி பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சில துளி நீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஈரமானியோடு சேர்த்துப் பூட்டுப் பைக்குள் 12 மணிநேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் இனி எப்போதும் 7 கூட்டிக்கொள்ளுங்கள்.

சிறகுக்குச் சூப்பர் குளூ போடாதீர்கள். அடுத்த முறை அசைவு வரும்போது பசை பிரியாது, பக்கத்து மரம் பிய்ந்து வரும். அசிட்டோனில் கரைத்த பசையும் வேண்டாம், நிறம் கரையும். சிறகு இன்னும் விழாமல் இருந்தால் ஈரப்பதம் நிலைக்கும்வரை தொடாமல் விடுங்கள், பாதி நேரம் தானே இறுகும். விழுந்துவிட்டால் மீன்பசை ஒரு துளி, மரமுளையில் மட்டும். வெதுநீரில் பின்னர் கழற்றலாம்.

துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். 1, 2 மி.மீ. துளையும் மாவு போன்ற தூளும் வண்டு. கசகசா அளவில் உருண்டைத் துகள் கொட்டினால் உலர்மரக் கரையான். இரண்டுக்கும் ஒரே மருந்து: பாலித்தீனில் இரண்டு அடுக்காகச் சுற்றி, காற்றை வெளியேற்றி, மைனஸ் 18 பாகை அல்லது அதைவிடக் குளிரான உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், 24 மணிநேரம் அறைச்சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் பனிநீர் பொம்மைமேல் படியும். உறைந்த நிலையில் அக்ரிலிக் கண்ணாடிபோல நொறுங்கும், எங்கும் இடிக்க வேண்டாம்.

சாமி அறை பற்றி: நம்பிக்கை உங்கள் விருப்பம், நான் பார்ப்பது சாம்பிராணியும் கற்பூரமும் விளக்கெண்ணெயும். வெள்ளைக் களிமண்ணில் படிந்த புகைக்கரியை எடுக்க வழியே இல்லை. குங்குமமும் அப்படித்தான். கொலுவில் வைப்பதானால் பெட்டியோடு வையுங்கள்.

மேசா வாசகன்

கொலு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். பெட்டியோடு வைத்தாலும் வருகிறவர்கள் விழுந்து கும்பிடுவார்கள், பக்கத்தில் சுண்டல் படைப்பார்கள். கற்பிக்கும் பொருளைத் தெய்வமாக்குவது ஹோப்பிகளுக்கு உவப்பாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். கூடத்து அலமாரி போதும். உங்கள் முடிவு.

கறுப்பு உடை, நீலக்கோட்டுக் கரை என்றால் மணப்பெண் அல்ல, காக்கைத் தாயேதான்.

குழலூதி பற்றி: சட்டையிலும் சாவிக்கொத்திலும் பார்க்கும் அந்தக் கூனன் பாறை ஓவியங்களிலிருந்து எடுத்த வடிவம். ஹோப்பிகளிடம் கொகோபொலோ என்ற கட்சினா இருக்கிறார், கூன் உண்டு, நீண்ட மூக்கு உண்டு, கையில் குழல் பொதுவாக இருக்காது. விதைகளோடும் பிள்ளைப்பேற்றோடும் தொடர்புள்ளவர். கடையில் இருப்பது குழலோடு என்றால் பெரும்பாலும் அலங்காரப் பொருள். அழகாக இருந்தால் வாங்குங்கள், திஹு என்று நினைத்து வாங்காதீர்கள்.

முகமூடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

புக்கிட் பிந்தாங் வழக்கறிஞர்

முகமூடி பற்றி நானும் அதையே சொல்ல வந்தேன். திஹு விற்பனைக்கும் செய்யப்படுகிறது, வாங்குவதில் தவறில்லை. முகமூடி அப்படி அல்ல. அதை ஹோப்பிகள் உயிருள்ளதாகக் கருதி "நண்பர்" என்றே குறிப்பிடுவார்கள். தனி ஒருவர் விற்கும் உரிமை கிடையாது, சமூகத்துக்கு உரியது. 2013 ஏப்ரலில் பாரிஸில் இப்படிப்பட்டவை ஏலத்துக்கு வந்தன. ஹோப்பிகள் எதிர்த்தும் பிரெஞ்சு நீதிமன்றம் தடுக்கவில்லை, ஏலம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு ஏலம் வந்தபோது அன்னன்பர்க் அறக்கட்டளை 24 பொருள்களை ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தது, அவற்றில் 21 ஹோப்பிகளுக்கு, 3 சான் கார்லோஸ் அப்பாச்சிப் பழங்குடியினருக்கு. 2022 இறுதியில் அமெரிக்கா இத்தகைய பொருள்களை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்வதையே தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. கடையில் இருப்பது நிஜமானால் வாங்கக் கூடாதது. போலியானால் வாங்கத் தேவையில்லாதது. நிஜம் என்று சந்தேகம் இருந்தால் அரிசோனாவில் கிகோட்ஸ்மோவியில் உள்ள ஹோப்பிப் பண்பாட்டுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதலாம். படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

பழைய முகமூடியைக் கையால் தொடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கால அருங்காட்சியகங்கள் பூச்சிக்காக ஆர்செனிக் தூவியிருக்கின்றன. பழங்குடிகளின் சடங்குப் பொருள்களைத் திருப்பித் தரச் சொல்லும் இன்னொரு 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹோப்பிகளுக்குத் திரும்பியவற்றிலேயே அந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அருங்காட்சியக எண் எழுதிய பழம்பொருள் எதுவானாலும் நைட்ரில் கையுறை போடுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

உங்கள் பொம்மையில் சிறகு மரம் என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. உண்மை இறகு ஒட்டிய பொம்மைகளை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டமும் 1940ஆம் ஆண்டின் கழுகுச் சட்டமும் இறகு விற்பனையைத் தடுக்கின்றன. காக்கை இறகுகூட 1972 முதல் அந்த வலசைப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் அங்கே செதுக்கர்கள் மரத்திலேயே இறகைச் செதுக்கப் பழகினார்கள், அல்லது கோழி, வான்கோழி இறகுக்குச் சாயம் போடுகிறார்கள். இங்கே கழுகு, ஆந்தை, பஞ்சவர்ணக் கிளி இறகு என்றால் 2008ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரின வணிகச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரலாம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள். இறகைப் பிடுங்கிவிட்டு வாங்கலாம் என்று சில விற்பனையாளர்கள் யோசனை சொல்வார்கள். பொம்மையும் கெடும், தப்பிக்கவும் முடியாது.

கடைசியாக, ரசீது வாங்கிவிட்டீர்களா? "நூறு ஆண்டுப் பழமை" என்று அதில் எழுதியிருந்தால் திருத்தி "கையெழுத்திட்ட ஹோப்பி மர உருவம், காக்கைத் தாய், 29 செ.மீ., மரச்சிறகு" என்று மறுபடி எழுதி வாங்குங்கள். பின்னால் விற்றாலும் வெளிநாடு எடுத்துச் சென்றாலும் அதிகாரி கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.